ஒரு சிறுவனுக்கு ஓர் அண்ணன்

குடியாலும் போதைப் பொருளாலும் சிதைந்த இல்லங்களில் வளரும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இரு குரல்களைக் கேட்கிறோம். 'போதிய நிதி இருந்தால் எதையும் செய்துவிடலாம்' என்பது ஒன்று. 'அன்பு இருந்தால் போதும், நிதி எதற்கு?' என்பது மற்றொன்று. இவற்றுள் எது சரி என்பதை வாதிட்டு முடிவு செய்வதைவிட, இப்பணியில் நூறாண்டுக்கு மேற்பட்ட பட்டறிவு உள்ள அமெரிக்க நாட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நலம் என்று கருதுகிறோம்.

1902-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் சிறாருக்கெனத் தனி நீதிமன்றம் திறக்கப்பட்டது. அதன் எழுத்தராகப் பணியாற்றியவர் எர்னஸ்ட் கோல்ட்டர். குற்றம் சாட்டப்பட்டு வந்து நின்ற சிறுவர்களை நாள்தோறும் கண்ட அவர், அவர்களுக்குத் தேவைப்படுவது தண்டனையன்று, அக்கறையோடு உடன் நிற்கும் ஒரு மனிதரே என்று உணர்ந்தார். 1904 டிசம்பரில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் ஆலயத்தைச் சேர்ந்த ஆடவர் மன்றத்தில் இதை எடுத்துரைத்தார். கேட்டவர்களுள் ஏறத்தாழ நாற்பது பேர், ஆளுக்கு ஒரு சிறுவனோடு நட்புப் பூணுவதாக வாக்களித்தனர். 'பிக் பிரதர்ஸ்' எனப்படும் அண்ணன்மார் இயக்கத்தின் தொடக்கம் இதுவே.

கத்தோலிக்கராகிய நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் இங்கு உண்டு. அதே நகரில் 1902-ஆம் ஆண்டளவிலேயே 'லேடீஸ் ஆஃப் சாரிட்டி' என்ற கத்தோலிக்கப் பெண்கள் குழுவினர், அந்நீதிமன்றத்தின் வழியாக வந்த சிறுமியருக்குத் துணை நிற்கத் தொடங்கியிருந்தனர். அவர்கள் பொதுநிலையினர். பின்னாளில் அக்குழுவே 'கத்தோலிக்க அக்காமார்' அமைப்பாக வளர்ந்தது. 1977-இல் அண்ணன்மார் அமைப்பும் அக்காமார் அமைப்பும் நாடளாவிய அளவில் ஒன்றாக இணைந்தன.

இத்தகைய வழித்துணைப் பணிக்கு அரசு நிதி பெருமளவில் வந்தது பின்னரே. 1980-களில் கிராக் கொக்கேயின் நகரங்களைச் சூறையாடியபோது, அரசின் முதல் பதில் கடுந்தண்டனைச் சட்டங்களாகவே இருந்தது. 1992-இல்தான் அமெரிக்கப் பேரவை சிறார் நீதிச் சட்டத்தைத் திருத்தி, இடருறும் இளையோருக்கு வழித்துணைவர்களை ஏற்படுத்தித் தரும் அமைப்புகளுக்கு நிதியுதவி வழங்க வகை செய்தது.

அந்த நிதியால் பயன் உண்டா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தேடிற்று. அண்ணன்மார்-அக்காமார் அமைப்பின் எட்டுக் கிளைகளில் 10 முதல் 16 வயதுக்குட்பட்ட 959 பேரைத் தேர்ந்து, ஒரு பாதியினருக்கு உடனே துணைவர்களைத் தந்தனர். மறு பாதியினர் காத்திருப்புப் பட்டியலில் இருந்தனர். அப்பிள்ளைகளுள் பத்தில் நால்வர், மதுவோ போதைப் பொருளோ புகுந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பதினெட்டு மாதங்களுக்குப் பின் ஒப்பிட்டபோது, துணை பெற்ற பிள்ளைகள் போதைப் பொருளைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு 46 விழுக்காடும், மதுவைத் தொடத் தொடங்கும் வாய்ப்பு 27 விழுக்காடும் குறைந்திருந்தன.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. அத்துணைவர்கள் போதைத் தடுப்பு வல்லுநர்கள் அல்லர். அறிவுரை கூறுவதற்கென்று அனுப்பப்பட்டவர்களும் அல்லர். மாதத்தில் சில முறை சந்தித்து, சில மணி நேரம் உடனிருந்து, விளையாடியும் உரையாடியும் நட்புக் கொண்டார்கள். அவ்வளவே. ஆயினும் அந்த நட்புக்குப் பின்னால் ஒழுங்கான உழைப்பு இருந்தது. துணைவராக வர விரும்புவோரின் பின்னணியை ஆராய்ந்தார்கள், பயிற்சி தந்தார்கள், பிள்ளைக்கு ஏற்றவரை இணைத்தார்கள், பின்னர் இருவரோடும் பெற்றோரோடும் இடையறாது தொடர்பு கொண்டார்கள். இவற்றுக்கு அக்காலத்தில் ஓர் இணைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர் செலவாயிற்று. அன்பு இலவசமாக வந்தது. அந்த அன்பைப் பிள்ளைக்குத் தீங்கு நேராமல் கொண்டு சேர்ப்பதற்குத்தான் பணம் தேவைப்பட்டது.

அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்த அறிஞர்கள் 2002-இல் ஒரு கசப்பான உண்மையை வெளியிட்டனர். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த நட்பே மிகுந்த நன்மை தந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த நட்போ, பிள்ளையின் தன்மதிப்பை முன்னிருந்ததைவிடத் தாழ்த்திற்று. தந்தையின் குடியாலோ தாயின் போதையாலோ ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளை, நல்லெண்ணத்தோடு வந்தவராலும் கைவிடப்படும்போது நேருவது இதுதான். நற்பணி என்ற பெயரில் நாம் தீமை செய்துவிடக் கூடும் என்பதை எண்ணி அஞ்ச வேண்டியிருக்கிறது.

இதன் பின்னும் நிதி வளர்ந்தது. 2003-இல் குடியரசுத் தலைவர் புஷ், வறிய பிள்ளைகளுக்கும் சிறையிலிருப்போரின் பிள்ளைகளுக்கும் வழித்துணைவர்களை ஏற்படுத்த 45 கோடி டாலர் ஒதுக்க முன்மொழிந்தார். ஆனால் பள்ளிகள் வழியாக நடந்த கூட்டரசின் மாணவர் வழித்துணைத் திட்டத்தை ஒரு கல்வியாண்டு அளவில் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட அறிக்கை, மாணவர்கள்மீது மொத்தத்தில் குறிப்பிடத்தக்க விளைவு எதையும் காணவில்லை. அத்திட்டத்துக்கான நிதியும் நிறுத்தப்பட்டது. பெயர் ஒன்றாயிருந்தாலும் பலன் ஒன்றாயில்லை.

பின்னர் வந்தது ஓபியாயிட் எனப்படும் வலிநீக்கி மருந்துகளின் கொடுமை. 2017-ஆம் ஆண்டில் மட்டும் போதைப் பொருள் மிகையளவால் அந்நாட்டில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் அது பொதுச் சுகாதார நெருக்கடியாக அறிவிக்கப்பட்டது. எத்தனையோ பிள்ளைகள் பாட்டன் பாட்டியரிடமோ வளர்ப்பு இல்லங்களிலோ சேர்க்கப்பட்டனர். அடுத்து வந்த ஆண்டுகளில் நீதித்துறையின் சிறார் பிரிவு, இத்தகைய இளையோருக்கான வழித்துணைப் பணிக்கெனத் தனியே நிதி வழங்கிற்று. எனினும் நிதிக் கொடைக்குக் காலவரையறை உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தேவையோ நிதியாண்டோடு முடிவதில்லை.

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். காயத்தைத் தம் கையாலேயே கட்டியவர், சத்திரத்துப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியத்தையும் கொடுத்தார். அன்பு இருக்கையில் பணம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பணம் கொடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்றும் போய்விடவில்லை. திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றார். நாம் தொடக்கத்தில் கேட்ட இரு குரல்களுக்கும் அவர் நடத்தையில் விடை இருக்கிறது.

நம் பங்குகளிலும் குடியால் வாடும் வீடுகள் உண்டு. அவற்றில் பேச்சற்று வளரும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக நாம் நிதி திரட்ட முன்வருவது நன்று. ஆனால் உண்டியலைக் கையில் எடுக்குமுன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: அடுத்த ஆண்டு இதே நாளில் அப்பிள்ளையின் வாசலில் நம்முள் யார் நிற்பார்? அதற்கு ஒரு பெயரையேனும் சொல்ல முடிந்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுவோம்.