தண்ணிக்குள்ள பிடிச்ச காத்தும் ஒரு மழைப் பைத்தியமும்

லேப்ல தண்ணித் தொட்டிக்குள்ள ஜாடியைக் கவுத்து வெச்சு வாயு பிடிச்சது ஞாபகம் இருக்கா மக்கா? குழாய் வழியா குமிழ் குமிழா வாயு ஏறும், தண்ணி கீழே இறங்கும். கணக்குல மட்டும் "நீரின் ஆவி அழுத்தத்தைக் கழிக்கவும்"னு ஒரு வரி வரும். நாமளும் கழிச்சுட்டு மார்க் வாங்கிட்டுப் போயிட்டோம். அந்த ஒத்தை வரி வர எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

இந்தத் தொட்டியை ஆரம்பிச்சு வெச்சவர் ஸ்டீபன் ஹேல்ஸ். லண்டனுக்குப் பக்கத்துல டெடிங்டன்ல பாதிரியார். வளைச்ச துப்பாக்கிக் குழலுக்குள்ள பொருளைப் போட்டுச் சுட்டு, வர்ற காத்தைத் தண்ணிக்கு மேல பிடிச்சார். 1727-ல புத்தகமா எழுதினார். எவ்வளவு காத்து வருதுன்னு அளந்தாரே தவிர, எல்லாமே சாதா காத்துதான்னு விட்டுட்டார்.

அடுத்து வந்த ஜோசப் பிரீஸ்ட்லிக்கு வேற தலைவலி. அம்மோனியா மாதிரி வாயுக்கள் தண்ணியில கரைஞ்சு காணாமப் போயிடும். அதனால 1770-களில் அந்த வாயுக்களை பாதரசத்துக்கு மேல பிடிச்சார். கரையாத வாயுக்களுக்குத் தண்ணியே போதும்னு ஆச்சு.

ஆனா தண்ணி சும்மா இருக்குமா? அதுவும் ஆவியாகி ஜாடிக்குள்ள ஏறிக்கும். கண்ணுக்குத் தெரியாது. நம்ம பாஷையில சொன்னா, எர்ரர் மெசேஜே வராத பக் :-)

இந்த பக்கைப் பிடிச்சவர் வாயுவைப் பிடிக்கிறதுல பேர் வாங்கினவர் இல்லை. மழையை வேடிக்கை பார்த்தவர். ஜான் டால்டன், நெசவாளி வீட்டுப் பையன், மான்செஸ்டர்ல வாத்தியார். 1787-ல ஆரம்பிச்ச வானிலைக் குறிப்பை 1844-ல சாகுற வரைக்கும் விடாம எழுதினார். அவரைக் குடைஞ்ச கேள்வி: தண்ணி எப்படிக் காத்துக்குள்ள நிக்குது? சர்க்கரை தண்ணியில கரையுற மாதிரி, தண்ணி காத்துல கரையுதுன்னுதான் அன்னைக்குப் பெரிய பெரிய ஆளுங்க நம்பிட்டு இருந்தாங்க.

டால்டன் பாரோமீட்டர் குழாயில பாதரசத்துக்கு மேல இருக்கிற வெற்றிடத்துக்குள்ள கொஞ்சம் தண்ணியை விட்டார். பாதரசம் இறங்கிச்சு. எவ்வளவு இறங்குதோ, அதுதான் ஆவியோட அழுத்தம். குழாயைச் சுத்தி வெந்நீர் வெச்சு, ஒவ்வொரு சூட்டுக்கும் அளந்தார். அப்புறம் வெற்றிடத்துக்குப் பதிலா உலர்ந்த காத்து. அங்கேயும் ஆவி அதே அளவு அழுத்தத்தைத்தான் கூட்டிச்சு! காத்து இருக்கா இல்லையாங்கிறதை அது கண்டுக்கவே இல்லை. அப்ப கரையுற கதை எப்படி எடுபடும்? கலவையில ஒவ்வொரு வாயுவும் தன் பங்கு அழுத்தத்தைத் தனியாத் தருது, கூட்டினா மொத்தம். 1801-ல இதை மான்செஸ்டர் சங்கத்துல வாசிச்சார்.

இப்ப கணக்கைப் பாருங்க. வெளியழுத்தம் 760 மி.மீ., வெப்பநிலை 30 டிகிரி. ஜாடிக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணி மட்டம் ஒண்ணா இருக்கணும், உள்ளே 13.6 செ.மீ. உயர்ந்து நின்னா 10 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்தம் குறைஞ்சிடும். 30 டிகிரியில நீராவியோட பங்கு சுமார் 32. கழிச்சா வாயுவுக்கு 728. அதாவது 100 மில்லி பிடிச்சோம்னு நினைச்சா, உலர்ந்த கணக்குல 96 தான் தேறும். இந்த நாலு சதவீதத்தை விட்டா வாயுவோட எடை தப்பு, அதை நம்பிப் போடுற அணு எடையும் தப்பு.

ஒரு வேடிக்கை என்னன்னா, டால்டன் சொன்ன காரணம் தப்பு. ஒரே வாயுத் துகள்கள் மட்டும் ஒண்ணையொண்ணு தள்ளும், வேற வாயுவைத் தள்ளாதுன்னு நினைச்சார். துகள்கள் தறிகெட்டு ஓடி மோதுறதுதான் அழுத்தம்னு பின்னாடிதான் தெளிவாச்சு. காரணம் போச்சு, அளந்த விதி நின்னுச்சு.

அதோட அவர் விடலை. எல்லா வாயுவும் தண்ணியில ஏன் ஒரே அளவு கரையலைன்னு அடுத்த கேள்வி. துகளோட எடை வித்தியாசமா இருக்குமோன்னு யோசிச்சார். அவரோட முதல் அணு எடைப் பட்டியல் வந்தது அந்தக் கட்டுரையோட கடைசியிலதான். 1803-ல வாசிச்சது.

மழை எங்கிருந்து வருதுன்னு பார்க்கப் போன மனுஷன் அணுவுல போய் நின்னார். அடுத்த தடவை அந்த 32-ஐக் கழிக்கும்போது அவரைக் கொஞ்சம் நினைச்சுக்குங்க.