மேற்குத் தீவில் வாத்தியார் வேலை தேடியவர்கள்

மொன்றியலின் மேற்குத் தீவில் உள்ள எங்கள் ஊரான கர்க்லாண்டிலிருந்து 20-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே கொஞ்ச நேரம் போனால் சென்-ஆன்-டி-பெல்வியூ வரும். ஆற்றங்கரையை ஒட்டி, செங்கல்லும் சிவப்பு ஓடுமாகப் பெரிய கட்டடங்கள் நிற்கும். புகையிலை வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த வில்லியம் மக்டொனால்ட் கட்டிக் கொடுத்து 1907-இல் திறந்த கல்லூரி அது. மொன்றியல் நகருக்குள் 1857 முதல் இயங்கிவந்த மக்கில் ஆசிரிய கலாசாலையும் அதே ஆண்டில் அங்கே வந்து சேர்ந்தது. பிறகு ஆசிரியக் கல்வி 1970-இல் நகரத்துக்குத் திரும்பும்வரை, கியூபெக்கின் ஆங்கிலப் பள்ளிகளில் படிப்பித்த ஆயிரக்கணக்கானவர்கள் அந்த விடுதிகளில் தங்கிப் படித்து வெளியேறினார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். சுண்ணக்கட்டி பிடித்து முப்பது ஆண்டு கழித்தவள் நான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எனக்கு வரும்: படிப்பு முடிந்த அடுத்த மாதம் இவர்கள் எந்தக் கதவைத் தட்டினார்கள்?

இந்த மாகாணத்தில் அந்தக் கதவில் முதலில் எழுதியிருந்தது மதம். 1867-இன் அரசியலமைப்புச் சட்டம் கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்தாந்தருக்கும் தனித்தனிப் பள்ளிகளை உறுதிசெய்தது. மூன்றாவது இடம் கிடையாது. 1903-இல் மாகாணச் சட்டமன்றம், கல்விக் காரியங்களுக்கு மட்டும் யூதர்களைப் புரொட்டஸ்தாந்தராகக் கொள்ளலாம் என்று சட்டம் போட்டது. யூதப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்தப் பள்ளிகளில் நிறைந்தார்கள். ஆனால் யூத ஆசிரியரை அமர்த்தப் புரொட்டஸ்தாந்துப் பள்ளிச் சபைக்கு நெடுநாள் மனம் வரவில்லை. 1913-இல் அபெர்டீன் பள்ளியில் ஒரு ஆசிரியை யூதர்களை இழிவாகப் பேசியதற்காக அங்கே படித்த யூதச் சிறுவர் சிறுமியர் வகுப்பைவிட்டு வெளியேறி வேலைநிறுத்தம் செய்தார்கள். படிக்கும் பிள்ளைகளின் வீட்டிலிருந்து வந்த ஒருவர் முன்னால் நின்று படிப்பிக்க முடியாத பள்ளியில் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

பெண்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. கல்யாணம் ஆனால் வேலை போய்விடும், அல்லது நிரந்தர நியமனம் கிடைக்காது. இங்கே எங்கள் ஊருக்கு ஒரு நேர்த்தொடர்பு உண்டு. 1961-இல் கர்க்லாண்ட் தனி நகரமானபோது, இந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினராயிருந்த சார்ள்ஸ்-எமே கர்க்லாண்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். அவர் இறந்தபின் அதே ஆண்டு டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மகள் மரி-கிளேர் வென்றார். கியூபெக் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண். மணமான பெண் கணவனின் ஒப்புதல் இல்லாமல் ஒப்பந்தம் செய்யவும் தொழில் நடத்தவும் வழிவிட்ட சட்டத்தை 1964-இல் நிறைவேற்றியவர் அவரே. அதற்கு முந்திய தலைமுறை ஆசிரியைகளுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தோடு காரியம் முடிந்ததில்லை. அந்தப் பெயரைத் தினமும் வீதிப் பலகையில் பார்க்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

அறுபதுகளில் இங்கே வயல்கள் வீட்டுமனைகளாயின. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் பள்ளி வயதுக்கு வந்திருந்தார்கள். 1964-இல் மாகாணத்துக்குக் கல்வி அமைச்சு வந்தது. புதுப் பள்ளிகள் எழும்பின, ஆசிரியருக்குத் தட்டுப்பாடு. 1967-இல் கனடா குடிவரவுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்து கல்விக்கும் தொழிலுக்கும் மொழிக்கும் புள்ளி கொடுத்தது. அந்த வாசல் வழியாக இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பட்டதாரி ஆசிரியர்கள் வந்தார்கள். கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் படிப்பிக்கத் தெரிந்தவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்த காலம் அது. அப்போது வந்து மேற்குத் தீவில் வேரூன்றிய சிலரை நான் பின்னர் சந்தித்தேன். வேலை தேடியதைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் கதையே இல்லை.

எழுபதுகளின் நடுவில் எல்லாம் தலைகீழானது. பிறப்பு குறைந்தது. 1976-இல் கியூபெக்குக்குத் தனிநாடு கோரிய பார்ட்டி கெபெக்குவா ஆட்சிக்கு வந்தபின் ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் பெருந்தொகையாக ஒன்ராறியோவுக்குப் புறப்பட்டன. 1977 ஆகஸ்டில் பில் 101 என்ற மொழிச் சட்டம் வந்தது. வெளியிலிருந்து வந்து குடியேறுபவர்களின் பிள்ளைகள் இனிப் பிரெஞ்சுப் பள்ளிக்கே போக வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டரை இலட்சம் அளவில் மாணவர் இருந்த ஆங்கிலப் பள்ளிகளில், தொண்ணூறுகளில் ஒரு இலட்சம் அளவுதான் மிஞ்சியது. பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மூடிய பள்ளியின் மூத்த ஆசிரியர் அடுத்த பள்ளிக்குப் போவார், அங்கே கடைசியாகச் சேர்ந்தவர் வெளியே போவார். ஒப்பந்த விதி அப்படி. இதற்கு இங்கே ஆசிரியர் அறையில் வழங்கிய சொல் ‘பம்பிங்’. 1982-இல் அரசு பணமுடை என்று சொல்லி, அரச ஊழியர் சம்பளத்தை அடுத்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்கு ஐந்திலொரு பங்குவரை வெட்டியது. ஆசிரியரின் வேலைச்சுமையையும் ஏற்றியது. ஒருவர் கூடுதலாகப் படிப்பித்தால் இன்னொருவருக்கு இடம் இல்லை. 1983 ஜனவரியில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பெப்ரவரியில் கடுமையான சட்டம் போட்டு அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆண்டுகளில் மக்கிலில் கல்விப் பட்டம் பெற்று வெளிவந்தவர்கள் ரொறன்ரோவுக்கும் மேற்கு மாகாணங்களுக்கும் போனார்கள், காப்புறுதி விற்றார்கள், வங்கியில் சேர்ந்தார்கள். ஒரு தலைமுறை ஆசிரியர்களை இந்த மாகாணத்து ஆங்கிலப் பள்ளிகள் அப்படியே இழந்தன.

அந்த நெருக்கடிக்குள்தான் நாங்கள் வந்து இறங்கினோம். ஆசிரிய வேலைக்கு அலைவது யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதில்லை. எங்கள் காலத்தில் பட்டம் பெற்றவர்கள் கல்விக் கந்தோரில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு நியமனக் கடிதத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கிடைத்தாலும் முதலில் கஷ்டப் பிரதேசம், பஸ் நாளுக்கு ஒரு தரம் வரும் ஊர். வடக்கிலும் கிழக்கிலும் தொண்டர் ஆசிரியராகச் சம்பளமில்லாமல் படிப்பித்து, பின்பு நிரந்தரம் கேட்டுப் போராடியவர்கள் இன்றுவரை உண்டு. எழுபதுகளில் எண்ணெய்ப் பணம் பெருகிய நைஜீரியா ஆசிரியர்களைத் தேடியபோது எங்கள் ஊரே அங்கே கிளம்பியது போலிருந்தது. பேராதனையில் கணிதம் படித்து, யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகள் படிப்பித்த நானும் கணவரோடு அங்கே போனேன். எண்பதுகளில் எண்ணெய் விலை இறங்கியது, நைறாவின் மதிப்பு இறங்கியது, ஒப்பந்தங்கள் நின்றன. இலங்கையிலோ 1983-இன் தமிழர் எதிர்ப்புக் கலவரம் நடந்து முடிந்திருந்தது. 1986 ஆகஸ்டில் 155 தமிழர்கள் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அருகே உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட செய்தியை நாங்கள் மொன்றியல் கோட்-டெ-நேஜில் ஒரு சிறிய அப்பார்ட்மெண்டில் தொலைக்காட்சியில் பார்த்தோம். பார்த்தவர்களில் ஐந்தாறு பேர் ஊரில் ஆசிரியர்கள். அவர்கள் அப்போது உணவகச் சமையலறையிலும் தையல் தொழிற்சாலையிலும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

என் சான்றிதழ்களை அமைச்சுக்கு அனுப்பி, மொழிபெயர்த்து, விளக்கம் எழுதி, மேலதிகப் பாடங்கள் படித்து, படிப்பிக்கும் அனுமதிப் பத்திரம் கைக்கு வந்தபோது நான் போகக்கூடியதாக இருந்தவை ஆங்கிலப் பள்ளிகள் மட்டுமே. பிரெஞ்சில் வகுப்பெடுக்கும் அளவுக்கு எனக்கு மொழி கைவரவில்லை. என் பிள்ளைகளோ சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே சமய பாடமா, ஒழுக்கக் கல்வியா என்று ஒரு படிவத்தில் கேட்டார்கள். ஒழுக்கக் கல்வி என்று எழுதிக் கொடுத்தோம். இப்போது ஒரு கணம் நின்று பாருங்கள். மொன்றியலுக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள், வியட்நாம் பிள்ளைகள், ஹெயிட்டிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு பக்கம் போனார்கள். அங்கே அவர்களுக்கென வரவேற்பு வகுப்புகள் திறந்தன, ஆசிரியர் இடங்கள் உண்டாயின. அவர்களுடைய தாய்தகப்பனில் ஆசிரியராயிருந்தவர்கள் பிள்ளைகள் குறைந்துகொண்டே போன மறுபக்கத்தில் கதவைத் தட்டினார்கள். பிரெஞ்சைக் காக்கும் சட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. தாய்மொழிக்காக இரத்தம் சிந்திய நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது புரியும். ஆனால் புதிதாக வந்த ஆசிரியருக்கு அது என்ன செய்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கிடைத்தது ‘சப்’ வேலை. ஒரு ஆசிரியர் சுகவீனம் என்றால் அன்றைக்கு மட்டும் போய் வகுப்பைப் பார்ப்பது. விடியற்காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். ரிங் முடிய முன்னர் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். லசீன், டோர்வல், பியர்ஃபோன் என்று எங்கே என்றாலும் எட்டு மணிக்குள் போய் நிற்க வேண்டும். கார் இல்லாதவர்கள் மெட்ரோவில் வந்து 211 பஸ் பிடித்து மேற்குத் தீவுக்கு வருவார்கள். கணித ஆசிரியைக்கு ஒருநாள் உடற்பயிற்சி, ஒருநாள் பூகோளம். பிள்ளைகள் பெயரைத் திருத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் பாதி வகுப்பு கைக்குள் வந்துவிடும் என்று நான் அந்த நாட்களில் கண்டுகொண்டேன். கோடை விடுமுறையில் வருமானம் கிடையாது, நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்கும் அழைப்பு வராது. ஒரு பள்ளி அதிபர் என் உச்சரிப்பைப் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்களா என்று நேரிலேயே கேட்டார். அந்த வகுப்பின் தேர்வுத் தாள்களைத் திருத்தியவள் நான். விளங்கியிருக்கிறார்களா என்பது எனக்குத் தெரியும்.

திறப்பு வந்தது பணமுடையின் மறுபுறத்திலிருந்து. 1997-இல் லூசியன் பூஷார் அரசு பற்றாக்குறையைப் பூச்சியமாக்க அரச ஊழியர்களுக்கு முன்கூட்டிய ஓய்வைத் தாராளமாகக் கொடுத்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் வெளியேறினார்கள், அவர்களில் ஆசிரியர்கள் ஏராளம். அறுபதுகளில் வந்து வேரூன்றியவர்களின் இடங்கள் காலியாயின. 1998 ஜூலையில் மதவழிச் சபைகள் கலைந்து மொழிவழிச் சபைகள் வந்தன. இந்தப் பக்கத்தில் லேக்‌ஷோர் முதலான பழைய சபைகளின் ஆங்கிலப் பள்ளிகள் லெஸ்டர் பி. பியர்சன் சபையின் கீழ் ஒன்றாயின. கர்க்லாண்டின் மார்கரெட் மான்சன் தொடக்கப்பள்ளியும் அதன் கீழ்தான் இயங்குகிறது. நூற்று முப்பது ஆண்டுக்குப் பிறகு, இந்து ஆசிரியை ஒருத்தி ‘புரொட்டஸ்தாந்துச் சபை ஊழியர்’ என்று சம்பளச் சீட்டு வாங்க வேண்டிய தேவை போயிற்று. பட்டியலில் காத்திருந்த எங்களில் பலருக்கு அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நிரந்தரம் கிடைத்தது. திறமை முந்திய ஆண்டுகளிலும் அதே அளவுதான் இருந்தது. மாறியது காலியிடங்களின் எண்ணிக்கை மட்டும்.

இதே சுழற்சி ஒன்ராறியோவில் என் அக்காவின் மகளைப் பிடித்தது. அங்கே இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி ஓய்வுபெற்றோர் பெருகியதால் ஆசிரியருக்குக் கிராக்கி. ஸ்காபரோத் தமிழ்ப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கல்விப் பட்டத்துக்குப் போனார்கள். அங்கே இடம் கிடைக்காதவர்கள் எல்லை தாண்டி பஃபலோ கல்லூரிகளில் பணம் கட்டிப் படித்தார்கள். பட்டத்தோடு வெளியே வந்தபோது ஓய்வு அலை முடிந்துவிட்டது. 2006-இல் கட்டாய ஓய்வு வயதும் நீக்கப்பட்டது. 2012-இல் வந்த ஒழுங்குவிதி 274 சப் ஆசிரியர் பட்டியலில் மூத்தவர்களையே முதலில் நேர்காணச் சொன்னது. அவள் பட்டியலுக்குள் போகவே ஆண்டுகள் பிடித்தன. 2015-இல் ஆசிரியக் கல்வியை இரண்டு ஆண்டாக்கி, சேர்க்கையைப் பாதியாக்கினார்கள். இன்று அதே மாகாணம் ஆசிரியர் போதவில்லை என்கிறது. பட்டம் படிக்கச் சேரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த ஏற்ற இறக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் கடமை அமைச்சுகளுக்கு உண்டு. பிறப்புக் கணக்கு அவர்கள் கையில்தானே இருக்கிறது!

கியூபெக்கில் 2023 ஆகஸ்டில், பள்ளி திறக்கச் சில நாட்கள் இருக்கையில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் இடங்கள் நிரம்பவில்லை என்று அப்போதைய கல்வி அமைச்சர் பெர்னார் டிரென்வில் சொன்னார். ஆசிரியப் பட்டம் இல்லாதவர்களையும் வகுப்பில் நிறுத்துகிறார்கள். அந்தக் குளிர்காலத்தில் பிரெஞ்சுப் பள்ளிகளின் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படியானால் புதியவர்களுக்கு வேலை தேடுவது சுகம் என்று நினைப்போம். டொலார்-டே-ஓர்மோ முருகன் கோவிலில் சந்திக்கும் இளம் பிள்ளைகளைக் கேட்டால் வேறு கதை. ஆறு மாத ஒப்பந்தம், அறுபது வீத வேலை, ஜூனில் முடிவு, ஆகஸ்ட் கடைசியில் மறுபடி அழைப்பு, வேறு பள்ளி, வேறு வகுப்பு. நான்கு ஆண்டு படித்துவிட்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் தொழிலைவிட்டுப் போகிறவர்களும் இவர்களில் இருக்கிறார்கள்.

1998-இல் நீங்கிய மதத் தடை வேறு வடிவில் திரும்பி வந்ததையும் சொல்லியாக வேண்டும். 2019-இன் சட்டம் 21 அரசுப் பள்ளி ஆசிரியர் மதச் சின்னம் அணிந்து படிப்பிக்கத் தடை விதித்தது. முன்னமே வேலையில் இருந்தவர்கள் அதே பதவியில் தொடரலாம். வீச்சு முழுவதும் விழுந்தது புதியவர் மேல். என் மகளோடு படித்த, முக்காடு அணியும் ஒரு பிள்ளை அந்தச் சட்டம் நிறைவேறிய இரவே ஒன்ராறியோவுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கியது. ஆசிரியர் தட்டுப்பாடு என்று அழும் மாகாணம் பயிற்சி பெற்ற ஒருவரை வாசலிலிருந்து திருப்பியனுப்பியது. 1913-இல் அபெர்டீன் பள்ளிப் பிள்ளைகள் எதற்காக வெளியே நடந்தார்களோ அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை இந்த ஊர்.

மேற்குத் தீவுப் பள்ளிகளின் ஆண்டு மலர்களை இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறேன். அதிபர்கள் இருக்கிறார்கள், நிரந்தர ஆசிரியர்கள் வரிசையாக நிற்கிறார்கள், மூடிய பள்ளிகளின் கடைசி ஆண்டுப் படங்களும் இருக்கின்றன. சப் ஆசிரியர்களின் படம் எதிலும் இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தப் பள்ளிகளில் நாட்கூலிக்குப் படிப்பித்த தமிழர்கள், குஜராத்திகள், எகிப்தியர்கள், கயானாக்காரர்கள் என்று எனக்கு நினைவிருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறேன். சம்பளச் சீட்டு, அனுமதிப் பத்திரத்தின் பிரதி, நிராகரிப்புக் கடிதம், எது கிடைத்தாலும் படியெடுத்துக்கொள்கிறேன். பலருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இந்தக் கோடைக்குள் லசால் பக்கத்தில் இருப்பவர்களை முடித்துவிட வேண்டும்.