எந்த மில் சங்கு?

விருதுநகர் மாவட்டத்துக் கொலை வழக்குகள் விருதுநகரில் நடப்பதில்லை. மாவட்டத் தலைநகரம் அங்கே, மாவட்ட செஷன்ஸ் கோர்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில். 1910 வரை நாங்கள் திருநெல்வேலி ஜில்லா. அந்த வருஷம் புதிதாக உண்டான ராமநாதபுரம் ஜில்லாவில் எங்களைச் சேர்த்தார்கள். அதன் கலெக்டர் ஆபீஸோ மதுரையில் இருந்தது. 1985இல்தான் தனி மாவட்டம் ஆனோம். அப்பீல் என்றால் சென்னைதான். 2004 ஜூலையில் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை திறக்கும்வரை, கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவது என் போன்ற வக்கீல் குமாஸ்தாக்களின் வேலை.

நான் ராஜபாளையத்துக்காரன். கிரிமினல் வக்கீல் ஒருவரிடம் இருந்து ஓய்ந்தவன். அப்பீலில் ஒருவன் விடுதலையாகி வந்தால் ஊரில் பேசுவது ஒன்றுதான்: “சந்தேகத்தோட பலன்னு சொல்லி விட்டுட்டாங்கய்யா.” ஏதோ தர்மம் பண்ணி அனுப்பியதுபோல. எத்தனையோ பேப்பர் புக்குகளைத் தைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்பீல் நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவருக்கு முன்னால் இருப்பது டைப் அடித்த தாள். அந்தத் தாளில் ஒரு சாட்சி உடைவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: நேரம், வெளிச்சம், காகிதம்.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாலைகள் வந்த நாள்முதல் ராஜபாளையத்தில் பழைய ஆட்களுக்குக் கடிகாரம் மில் சங்குதான். ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் போலீஸார் எழுதிவந்த வாக்குமூலத்தில் சங்கு இருக்காது, ‘சுமார் இரவு 10.15 மணி’ என்றிருக்கும். ஐந்து சாட்சி என்றால் ஐந்து பேருக்கும் அதே 10.15. அந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை, போடவும் கூடாது, சட்டம் அப்படி. குறுக்கு விசாரணையில் எங்கள் சீனியர் சாவதானமாக ஆரம்பிப்பார்.

“மணி எப்படிங்க தெரியும்? வாட்ச் கட்டியிருந்தீங்களா?”

“இல்லீங்க. சங்கு ஊதுச்சு.”

“எந்த மில் சங்கு?”

“அய்யா, சங்குன்னா சங்குதானய்யா.”

மில்லுக்கு மில் சங்கு நேரம் வேறு. அந்த ஆள் பொய் சொல்கிறார் என்று நான் நினைத்ததில்லை. சங்கைக் கேட்டது உண்மையாகவே இருக்கும். 10.15 மட்டும் அவருடையது இல்லை.

வெளிச்சத்துக்கு எங்கள் ஆபீஸில் பழைய பஞ்சாங்கங்கள் வருஷவாரியாக அடுக்கியிருக்கும். ‘நிலா வெளிச்சத்தில் பார்த்தேன்’ என்று ஒரு வரி வந்தால் திதியைப் பார்ப்பது என் வேலை. இது எங்கள் ஊர் சாமர்த்தியம் மட்டும் அல்ல. 1858இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பிறகு ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கன் ஒரு கொலை வழக்கில் இதைத்தான் செய்தார். நடு இரவை ஒட்டி நிலா உச்சியில் காய்ந்தது, அதில் பார்த்தேன் என்றான் சாட்சி. லிங்கன் பஞ்சாங்கத்தை நீட்டினார். அந்நேரம் நிலா அடைய இருந்தது. எதிரி விடுதலையானான்.

காகிதம் என்று சொன்னது எக்ஸ்பிரஸ் எப்.ஐ.ஆரை. கொலை என்றால் முதல் தகவல் அறிக்கையை ஒரு கான்ஸ்டபிள் கையோடு மாஜிஸ்திரேட்டிடம் சேர்க்க வேண்டும். அவர் வாங்கிய தேதியையும் மணியையும் எழுதிச் சுருக்கொப்பம் போடுவார். ராத்திரி பத்தரைக்குப் பதிவானதாகச் சொல்லும் பிராது, பக்கத்துத் தெருவில் இருக்கும் மாஜிஸ்திரேட் வீட்டுக்கு மறுநாள் மாலை நாலு மணிக்குப் போனால், நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வி வரும். எப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தால் நான் கதையைப் படிக்க மாட்டேன், முதலில் அந்தச் சுருக்கொப்பத்தைத்தான் தேடுவேன்.

இதோடு வருவது வி.ஏ.ஓ. முன்னிலையில் ஒப்புதல். அறிமுகமே இல்லாத கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போய் எதிரி ‘நான்தான் வெட்டினேன்’ என்று அழுதானாம். தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் இது சலித்துப்போன காட்சி. போலீஸிடம் தந்த ஒப்புதல் சாட்சியமாகாது என்று 1872இன் சாட்சியச் சட்டம் அடைத்துவிட்டதால் பிறந்த குறுக்குவழி என்பது என் கணிப்பு. பரம்பரைக் கிராம முன்சீப்புகள் இருந்த காலத்தில், அவர்கள் போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு எதிரியின் ஒப்புதலை எழுதி வாங்கக் கூடாது என்று விதியே இருந்தது. 1980இல் அந்தப் பதவிகள் ஒழிந்து வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். வி.ஏ.ஓ. என்பவர் கிராம மாஜிஸ்திரேட் அல்ல, அந்தத் தடை அவரைக் கட்டாது என்று சிவகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நம்ப வேண்டுமா என்பது வேறு விஷயம்.

அப்ரூவர் சங்கதியும் அப்படியே. குற்றத்தில் கூட்டாளியின் சாட்சியத்தை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்றது, 2024 வரை அமலில் இருந்த அதே சட்டத்தின் 133ஆம் பிரிவு. அவன் நம்பத்தகாதவன் என்று கோர்ட் ஊகிக்கலாம் என்றது 114. இந்த இரண்டுக்கும் நடுவே சிக்கித்தான் சினிமா நட்சத்திரங்களான பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஜெயிலில் கிடந்தார்கள். பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்துப்பட்டு மறுநாள் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் 1945 மே மாதம் ஜூரர்கள் பெரும்பான்மையில் இவர்களைக் குற்றவாளிகள் என்றார்கள், ஆயுள் தண்டனை. முதல் அப்பீல் தள்ளுபடி. பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பி வந்து, மறுபடி கேட்ட ஐகோர்ட் 1947 ஏப்ரலில் விடுதலை செய்தது. சாட்சிகள் அதே சாட்சிகள். படித்த நீதிபதிகள்தான் வேறு.

ஒற்றைச் சாட்சி என்றால் வக்கீல்கள் எடுப்பது வடிவேலு தேவர் வழக்கு. 1955 நவம்பரில் தஞ்சை ஜில்லா முத்துப்பேட்டையில், டீக்கடைக்காரர் ஒருவரின் கொலை. முக்கிய சாட்சி அவர் மனைவி ஒருத்திதான். ஒரு பெண்ணின் வாக்கை வைத்துத் தூக்கா என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1957 ஏப்ரலில் நீதிபதி பி.பி. சின்ஹா சாட்சிகளை மூன்றாகப் பிரித்தார்: முழுக்க நம்பத் தகுந்தவர், முழுக்க நம்பத் தகாதவர், இரண்டும் அல்லாதவர். முதல் வகை ஒருவர் போதும், தலையை எண்ண வேண்டியதில்லை. தண்டனை நின்றது. மூன்றாவது வகையை மட்டும் முறத்தில் போட்டுப் புடைக்க வேண்டும், வேறு ஆதாரம் தேட வேண்டும். எங்கள் பக்கத்துச் சாட்சிகள் முக்கால்வாசி அந்த மூன்றாவது வகை.

பயமும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் கூண்டேறி இறங்கியவர், எதிரியின் அண்ணன் தம்பிகளோடு அதே பஸ்ஸில்தான் ராஜபாளையம் திரும்புவார். அரை மணி நேரம். அந்தப் பயணத்தை நினைத்தே கூண்டில் ஏறும்போது பிறழ் சாட்சி ஆனவர்களை எனக்குத் தெரியும். பணமும் பேசும், நான் மறுக்கவில்லை. காஞ்சிபுரம் சங்கரராமன் கொலை வழக்கில் விசாரித்த 189 பேரில் 83 பேர் பிறழ்ந்தார்கள்; 2013இல் எல்லோரும் விடுதலை. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தது 2018 டிசம்பரில்தான்.

எங்கள் ஆபீஸ் நடத்திய ஒரு அப்பீல். தோப்பில் ஒரு வெட்டு. பார்த்தது ஒரு பாட்டி. அவர் சொன்னதில் நேரமில்லை, எத்தனை வெட்டு என்ற கணக்கும் இல்லை. அது போதாது என்று போலீஸார் இன்னும் இரண்டு பேரைக் கண் சாட்சியாக நிறுத்தினார்கள். இருவரும் சாப்பாட்டுக்கு முந்தி நடந்தது என்றார்கள்; பிரேதப் பரிசோதனையிலோ வயிற்றில் செரிக்காத சோறு. எப்.ஐ.ஆரும் தாமதம். ஐகோர்ட் அந்த இருவரையும் தள்ளியது, அவர்களோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பாட்டியையும் தனியாக நம்பத் துணியவில்லை. விடுதலை உத்தரவு வந்த அன்று கட்சிக்காரர்கள் பால்கோவா டப்பாவோடு வந்தார்கள். அவர்கள் போனதும் சீனியர் என்னிடம் சொன்னார்: “அந்தம்மா பார்த்தது நெசந்தான்யா. அது ஒண்ணை மட்டும் கூண்டுல ஏத்தியிருந்தா நம்ம கேஸ் அன்னிக்கே செத்துருக்கும்.”