1964-க்கு முன்னும் பின்னும்

அமெரிக்காவில் பழைய வேட்டைத் துப்பாக்கி வாங்கப் போகிறவர் முதலில் குழலின் உட்புறத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பேச்சு பெரும்பாலும் ஓர் ஆண்டில் தொடங்குகிறது: இது 64-க்கு முந்தியதா, பிந்தியதா? கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் வின்செஸ்டர் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த மாடல் 70 என்ற போல்ட் ரைஃபிளை வைத்து எழுந்த கேள்வி இது. 1963 வரை செய்தவற்றுக்கு ஒரு விலை, அடுத்த ஆண்டு முதல் செய்தவற்றுக்கு அதைவிட வெகுவாகக் குறைந்த விலை. அந்தக் கோடு காரணமில்லாமல் விழவில்லை. ஆனால் அது இன்று அளப்பது சேகரிப்பவரின் ஆசையை. காட்டுக்குப் போகிறவரின் தேவை அந்தக் கோட்டுக்குள் அடங்காது. கொடுக்கும் காசுக்கு மேலான துப்பாக்கி அமைகிறதென்றால், பெரும்பாலும் இந்த இரண்டும் பிரிகிற இடத்தில்தான் அமைகிறது.

முதலில் கோட்டின் கதை. பழைய மாடல் 70-இன் இயக்கம் ஜெர்மானிய மவுசர் 98-இன் வழி வந்தது. போல்ட்டின் பக்கவாட்டில் நீண்ட எஃகுக் கவ்வி ஒன்று இருக்கும். தோட்டா பெட்டியிலிருந்து மேலே எழும்போதே அதன் விளிம்பை அந்தக் கவ்வி பிடித்துக்கொள்ளும். வெற்றுக் கூடு வெளியே விழும்வரை விடாது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் இழுத்தாலும் இரண்டாவது தோட்டா வந்து சிக்காது. காயம்பட்ட கரடியின் முன் நிற்பவருக்கு இது பெரிய விஷயம். ஆனால் அந்த உடற்பகுதியை எஃகுக் கட்டியிலிருந்து பல கட்டங்களாகக் கடைந்தெடுக்க வேண்டும், கைப்பிடி மரத்தில் குறுக்குக் கோடுகளைக் கையால் வெட்ட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கூலி ஏறியது. போட்டியாளரான ரெமிங்டன் 1948இல் 721, 722 என்ற மாடல்களையும் 1962இல் மாடல் 700-ஐயும் விற்பனைக்கு விட்டது. உருளையாகக் கடையக்கூடிய உடல், போல்ட் முகத்துக்குள் அடங்கிய சிறு கவ்வி என்று, மலிவாகச் செய்வதற்கென்றே யோசித்த வடிவங்கள் அவை. வின்செஸ்டரும் 1964இல் அதே வழிக்கு வந்தது. நீண்ட கவ்வி போயிற்று. கோடுகளை வெட்டுவதற்குப் பதிலாக மரத்தில் அச்சாக அழுத்தினார்கள். குழலுக்கும் மரத்துக்கும் நடுவே கண்ணுக்கு உறுத்தும் இடைவெளி வேறு. வாடிக்கையாளர்கள் கொதித்ததில் வியப்பில்லை. முதல் சில ஆண்டுத் துப்பாக்கிகள் பார்க்கவே அழகற்றவை.

ஆனால் அழகில்லாதது கெட்டது என்று தீர்த்த இடத்தில்தான் சந்தை தவறியது. புதிய போல்ட்டின் முகம் தோட்டாவின் அடிப்பகுதியைச் சுற்றி மூடுகிறது. கூடு வெடித்தால் சுடுபவருக்கு இது கூடுதல் காப்பு. போல்ட் ஆடுகிறது, சிக்குகிறது என்ற குறையை நிறுவனம் 1968இல் வழிகாட்டிப் பள்ளம் அமைத்துத் தீர்த்தது. கவ்வி சிறியதென்றால் நம்ப முடியாது என்பவர்களுக்கு ஒரு சான்று போதும். 1966இல் அமெரிக்க மரைன் படை தன் குறிபார்த்துச் சுடும் வீரர்களுக்கு எம்40 என்ற பெயரில் தேர்ந்தெடுத்தது ரெமிங்டன் 700-ஐத்தான். அதுவும் அதே மலிவுக் குடும்பம். மறுபக்கம், 64-க்கு முந்தியவை எல்லாம் ஒரே தரம் என்பதும் கட்டுக்கதைதான். 1950களின் இறுதியில் நியூ ஹேவனிலிருந்து வந்தவற்றில் மரவேலையும் மெருகும் தளர்ந்திருப்பதைப் போருக்கு முந்தியவற்றோடு வைத்துப் பார்த்தால் தெரியும். விலை மட்டும் இந்தச் சரிவைப் பொருட்படுத்துவதில்லை.

சேகரிப்பவரின் கண்ணுக்கு இன்னொரு விதியும் உண்டு: தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்க வேண்டும். தொலைநோக்கி பொருத்த ஒருவர் கூடுதலாக ஒரு துளை போட்டிருந்தால், தோளில் உதைக்காமலிருக்க மரத்தின் பின்முனையை வெட்டி ரப்பர் அட்டை வைத்திருந்தால், உரிந்த நீலப் பூச்சை மறுபடி ஏற்றியிருந்தால், விலை சட்டென்று இறங்கிவிடும். இவற்றில் எதுவும் குண்டு போகும் திசையை மாற்றாது. போர்க்கால மவுசர்களுக்கும் அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டுகளுக்கும் நேர்ந்தது இதுவே. 1953இல் சாமுவேல் கமிங்ஸ் தொடங்கிய இன்டர்ஆர்ம்கோ போன்ற நிறுவனங்கள் பல நாட்டு ராணுவங்கள் கழித்த துப்பாக்கிகளைக் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தன. தபாலில் இருபது டாலருக்குள் துப்பாக்கி வாங்க முடிந்த காலம் அது. கென்னடியைக் கொன்ற இத்தாலியக் கர்கானோவும் அப்படித் தபாலில் வந்ததே. அந்தக் கொலையின் பின்விளைவாக வந்த 1968ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வரத்தை அடைத்தது. வாங்கியவர்கள் குழலை வெட்டி, மிசௌரியின் வார்சா ஊரில் செய்த வால்நட் கட்டைகளைப் பொருத்தி, மான் வேட்டைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அன்று ராணுவத் துப்பாக்கிக்கு மதிப்பில்லை, மாற்றியதற்குத்தான் மதிப்பு. இன்று தலைகீழ்: வெட்டாத துப்பாக்கியைத் தேடி அலைகிறார்கள். திறமையான கைகள் பல மாலைப்பொழுதுகள் செலவிட்டு உருமாற்றியதை, அதற்கான உழைப்புக்குக்கூடக் காணாத விலைக்கு விற்கிறார்கள்.

இப்படி ஒதுக்கப்பட்டதை வாங்குவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: பழைய எஃகை எப்படி நம்புவது? எல்லாவற்றையும் நம்ப முடியாதுதான். 1903 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டின் தொடக்ககால உடற்பகுதிகள் சில 1917 வாக்கில் சுடும்போது உடைந்து சிதறின. விசாரித்தபோது, உலைத் தொழிலாளர்கள் பழுத்த இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே வெப்பத்தைக் கணித்து வந்தது தெரிந்தது. வெயிலடிக்கும் நாளில் ஒரே நிறம் மங்கலாகத் தெரியும், மேகமூட்டத்தில் பிரகாசமாகத் தெரியும். ஏமாந்த கண் இரும்பை வேண்டியதற்கு மேல் சூடாக்கி நொறுங்கவைத்தது. அதனால் ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலை எண் 8,00,000-க்குக் கீழும், ராக் ஐலண்டு தொழிற்சாலை எண் 2,85,507-க்குக் கீழும் உள்ளவற்றைச் சுடாமல் விடுவதே வழக்கமான அறிவுரை. அவை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேட்டைக்கு உதவாதவை. ஆக, இங்கே வரலாறு அறிவது அலங்காரமல்ல, உயிர்க்காப்பு. அதே எண் வரிசையில் பின்னால் வந்தவை வேறு முறையில் பதப்படுத்தப்பட்டவை. அவற்றையும் பழையது என்ற ஒரே காரணத்தால் ஒதுக்குவது அறியாமை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. புதிய ரூகர் அமெரிக்கனோ சாவேஜ் ஆக்ஸிஸோ பழையவற்றின் விலைக்கே, சில சமயம் அதற்கும் கீழே, கிடைக்கும்போது எதற்கு இந்தத் தேடல்? துல்லியம் மட்டும் வேண்டுமானால் இந்த வாதத்துக்குப் பதில் இல்லை, புதியதையே வாங்கலாம். குழலை மரையிட்ட வளையத்தால் பூட்டும் எளிய வழியை 1958இலேயே மாடல் 110-இல் கண்ட சாவேஜின் பேரப்பிள்ளைகள் அவை, நன்றாகச் சுடும். ஆனால் அந்த விலைக்குக் கடைந்த எஃகும் வால்நட் மரமும் இன்று எந்தத் தொழிற்சாலையும் தருவதில்லை. 1970களின் மாடல் 70-இல் அவை இருக்கின்றன, அதை வேண்டாமென்று தள்ளியவர்களின் புண்ணியத்தில்.

தோட்டாவையும் கணக்கில் சேர்க்காமல் இந்தப் பேரம் முடியாது. 1906இல் பிறந்த .30-06 இன்றும் பரவலாகக் கிடைக்கிறது, 1925இன் .270-உம் அப்படியே. சாவேஜ் 99-இன் சுழல் பெட்டி அருமையான வேலைப்பாடு, ஆனால் .303 சாவேஜுக்குச் செய்த ஒன்றை எடுத்தவர் துப்பாக்கியில் மிச்சப்படுத்தியதைத் தோட்டாவில் தொலைப்பார். ஒதுக்கப்பட்டது எப்போதும் ஒதுக்கப்பட்டே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ரெமிங்டன் 788 இதற்கு உதாரணம். 1967 முதல் 1983 வரை மலிவுச் சரக்காக, மெருகில்லாத மரத்தோடு விற்றது. பின்பக்கம் ஒன்பது பூட்டுப் பற்கள் கொண்ட அதன் போல்ட், அண்ணனான 700-ஐயே சில வேளைகளில் வெட்கப்படுத்தும் அளவுக்குத் துல்லியமாகச் சுட்டது. அது தெரிந்ததும் விலை ஏறிவிட்டது; அதன் கழற்றக்கூடிய தோட்டாப் பெட்டி தொலைந்துவிட்டால் மாற்றுப் பெட்டிக்கே கணிசமாகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.