இணையச் சந்தைப்படுத்தலில் தள்ளுவதும் இழுப்பதும்

தமிழ் வானொலியில் ஓர் உணவகத்தின் விளம்பரம் போகிறது. வேலை முடிந்து காரில் வருபவர் அதைக் கேட்கிறார். அடுத்த மாதம் மகளின் சாமத்தியவீடு. வீட்டுக்கு வந்ததும் கைபேசியில் அந்தப் பெயரைத் தேடுகிறார். வருவது பழைய முகவரியும் இப்போது பாவனையில் இல்லாத தொலைபேசி இலக்கமும். அடுத்த வரியில் இருக்கும் இன்னொரு உணவகத்துக்கு அழைப்பு எடுக்கிறார். முதலாமவர் விளம்பரத்துக்குக் கட்டிய காசில் இரண்டாமவருக்கு வியாபாரம் நடக்கிறது.

புலம்பெயர் நாடுகளில் சிறு தொழில் நடத்தும் நம்மவர்கள் பலரின் பணம் இப்படித்தான் கரைகிறது.

வாடிக்கையாளர் கேட்காமலே அவரிடம் செய்தியைக் கொண்டுபோவது தள்ளும் முறை. இணையத்தளங்களில் வரும் பட விளம்பரம், முகநூல் விளம்பரம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி எல்லாம் இதில் அடங்கும். தேவை வந்தவர் தானே தேடும்போது அவர் கண்ணில் படும்படி இருப்பது இழுக்கும் முறை. கூகுள் தேடலும் வரைபடமும், யூடியூப் காணொளியும், பயனுள்ள கட்டுரையும் இந்த வகை. இந்தச் சொற்கள் இணையத்துக்கு முந்தியவை. உற்பத்தியாளர் மொத்த வியாபாரிக்கும் கடைக்காரருக்கும் சலுகை கொடுத்துச் சரக்கை நகர்த்துவது தள்ளுதல். மக்களே கடையில் போய் அந்தப் பொருளைக் கேட்கும்படி செய்வது இழுத்தல்.

தள்ளுவதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பொயின்ட்காஸ்ட் நல்ல உதாரணம். 1996இல் வந்த இந்த மென்பொருள் செய்திகளையும் விளம்பரங்களையும் கணினித் திரைக்குத் தானாகவே அனுப்பியது. 1997இல் 'வயர்ட்' சஞ்சிகை இதுதான் எதிர்காலம் என்று அட்டைப்படக் கட்டுரையே எழுதியது. ஆனால் அது அலுவலக வலையமைப்புகளை அடைத்துக்கொண்டதால் பல நிறுவனங்கள் அதைத் தடுத்தன. பார்ப்பவர்களுக்கும் சலித்துப்போனது. ஒரு காலத்தில் பல நூறு மில்லியன் டொலருக்குக் கேட்கப்பட்ட அந்த நிறுவனம் 1999இல் சுமார் 7 மில்லியனுக்கு விலைபோனது. 1998இல் தொடங்கிய கூகுள் எதிர்த்திசையில் நடந்தது. 2000 ஒக்டோபரில் அது ஆரம்பித்த அட்வேர்ட்ஸ், தேடுபவர் தட்டிய சொல்லுக்குப் பொருத்தமான விளம்பரத்தையே காட்டியது. காசு கொடுத்த விளம்பரம்தான், ஆனாலும் தேடியவருக்கே போனது.

அதற்காக இழுக்கும் முறையே போதும் என்று சொல்ல முடியாது. இருக்கிறதே தெரியாத பொருளை யாரும் தேடமாட்டார்கள். ஒடியல் மாவை வீட்டுக்கே அனுப்பும் ஒரு சேவையை நீங்கள் தொடங்கினால், முதலில் நீங்கள்தான் போய்ச் சொல்லவேண்டும். திருமணச் சாப்பாடு, வரி நிரப்புதல், வீட்டுக் கடன் போன்றவற்றில் கதை வேறு. தேவை வந்த அன்று மக்கள் தேடுவார்கள். அன்றைக்கு நீங்கள் அங்கே இருக்கவேண்டும்.

எந்தச் சொல்லால் தேடுவார்கள் என்பதில் நம்மவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். கடைக்காரர் 'இடியப்பம்' என்று அழகாகத் தமிழில் மட்டும் எழுதியிருப்பார். இங்கே பிறந்த பிள்ளை அதை ஆங்கில எழுத்தில் தட்டும், அல்லது 'ஸ்ட்ரிங் ஹொப்பர்ஸ்' என்று தேடும். மூன்று வடிவமும் பக்கத்தில் இருக்கவேண்டும். ஊரின் பெயரும் வேண்டும்.

இரண்டு முறைகளும் சேரும் இடம் வாடிக்கையாளர் பட்டியல். தேடி வந்தவரிடம் சம்மதம் கேட்டு மின்னஞ்சலை வாங்கி வைத்தால், தீபாவளிக்கு முன்னர் பலகார ஓடர் பற்றி அவருக்கு அறிவிக்கலாம். அது தள்ளுதல்தான், ஆனால் கேட்டவருக்கே போகிறது. முகநூல் பக்கத்தை மட்டும் நம்பி இணையத்தளத்தைக் கைவிட்டவர்கள் 2018 ஜனவரியை நினைத்துப் பார்க்கலாம். நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று முகநூல் அறிவித்த பின்னர் வியாபாரப் பக்கங்களின் பதிவுகள் பலரைச் சென்றடையவில்லை. பட்டியல் உங்கள் கையில் இருந்தால் இந்தப் பயம் குறைவு.

சம்மதம் மரியாதைக்காக மட்டுமல்ல. கனடாவில் 2014 ஜூலை 1 முதல் சம்மதமில்லாத வர்த்தக மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் சட்டவிரோதம். பொருள் வாங்கியவருக்கு இரண்டு வருடமும், விசாரித்தவருக்கு ஆறு மாதமும் சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம். வேண்டாம் என்பவரைப் பத்து வேலை நாட்களுக்குள் நீக்கவேண்டும். நிறுவனம் மீறினால் தண்டப்பணம் 10 மில்லியன் டொலர் வரை போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் தனிநபர் தரவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கோயில் அல்லது சங்கத்தின் பட்டியலை யாரோ தந்தார்கள் என்று அப்படியே வியாபாரத்துக்குப் பாவிப்பது ஆபத்து.

செலவு செய்யும் ஒழுங்கும் இதிலிருந்தே வருகிறது. கூகுள் வரைபடத்தில் நேரம், இலக்கம், படங்கள் சரியா என்று முதலில் பாருங்கள். அதற்குக் காசு இல்லை, ஒரு மாலைப்பொழுது போதும். பிறகு பட்டியல். வானொலி, முகநூல் விளம்பரங்கள் அதற்குப் பிறகுதான்.

எது வேலை செய்தது என்று அறிய, வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கே கேள்விப்பட்டீர்கள், எங்கள் இலக்கத்தை எப்படி எடுத்தீர்கள். முதலாவதற்கு வானொலி என்றும் இரண்டாவதற்கு கூகுள் என்றும் சொல்பவரே அதிகமாக இருந்தால், இரண்டில் ஒன்றை நிறுத்தும் முன் யோசியுங்கள்.