பழுதான புது லாரிக்கு நியாயம்: இந்தியச் சட்டம் வந்த பாதை

புதிதாக வாங்கிய லாரியில் ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தால், அதற்குப் பொறுப்பு யாருடையது என்பதை இந்தியச் சட்டம் ஒரே நாளில் முடிவு செய்துவிடவில்லை. 1930இல் வந்த சரக்கு விற்பனைச் சட்டம் முதல் 2019இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரை ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளில் அந்தப் பொறுப்பு வாங்குபவரிடமிருந்து மெல்ல மெல்ல விற்பவரிடமும் தயாரிப்பாளரிடமும் நகர்ந்தது. லாரியின் வரலாறு இதில் சற்றுச் சிக்கலானது. வீட்டு உபயோகப் பொருளுக்குக் கிடைத்த பாதுகாப்பு, வாடகைக்கு ஓடும் வண்டிக்கும் உண்டா என்ற கேள்வி ஒவ்வொரு கட்டத்திலும் எழுந்தது. லாரி பிழைப்புக்கான கருவி. அதே சமயம் வணிகத்துக்கான முதலீடு. சட்டம் அதை எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதைப் பொறுத்தே உரிமையாளரின் பரிகாரம் அமைந்தது.

வாங்குபவரே விழித்திருக்க வேண்டிய காலம்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் சரக்கு விற்பனை ஏழாவது அத்தியாயமாக இருந்தது. இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு அந்தப் பகுதி தனிச் சட்டமாக்கப்பட்டு, 1930 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தரத்தை வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்பதே அதன் 16ஆம் பிரிவின் தொடக்க நிலை. முக்கிய விதிவிலக்குகள் இரண்டு. எந்தப் பயன்பாட்டுக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால் பொருள் அந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விவரம் சொல்லி வாங்கினால் அது சந்தைத் தரத்தோடு இருக்க வேண்டும். ஆனால் வணிகப் பெயரைக் குறிப்பிட்டு ஒரு பொருளை வாங்கினால் முதல் விதிவிலக்கு பொருந்தாது என்று அதே பிரிவு சொன்னது. லாரி எப்போதுமே நிறுவனத்தின் பெயரையும் மாடலையும் சொல்லி வாங்கப்படும் பொருள்.

இதைவிடப் பெரிய தடை 13ஆம் பிரிவில் இருந்தது. பொருளை ஏற்றுக்கொண்ட பிறகு குறை தெரிந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை பொதுவாகப் போய்விடும். நஷ்டஈடு மட்டுமே கேட்கலாம். நியாயமான காலத்துக்கு மேல் பொருளை மறுக்காமல் வைத்திருந்தாலோ, தன்னுடையதாகவே பாவித்து அதில் ஏதேனும் செய்தாலோ ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்றது 42ஆம் பிரிவு. திரும்பத் திரும்ப வரும் பழுதின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அது முதல் நாளில் தெரிவதில்லை. அக்காலத்தில் லாரி பெரும்பாலும் சேஸிஸாகவே விற்கப்பட்டது. வாங்கியவர் அதைப் பட்டறையில் விட்டு பாடி கட்டி, பெர்மிட் வாங்கி, லோடு ஏற்றிச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் கியர்பாக்ஸும் இன்ஜினும் தம் குணத்தைக் காட்டும். அதற்குள் சட்டப்படி வண்டியை ஏற்றுக்கொண்டாகிவிடும். குறை சேஸிஸில் இருக்கிறதா, பாடி கட்டியதில் இருக்கிறதா, அளவுக்கு மீறி ஏற்றியதால் வந்ததா என்ற வாதமும் கூடவே வரும். போதாக்குறைக்கு, சட்டம் தரும் இந்த உறுதிகளை ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிக்கொள்ள 62ஆம் பிரிவு இடம் தந்தது.

சந்தையின் நிலையும் உரிமையாளருக்குச் சாதகமாக இல்லை. 1945இல் தொடங்கப்பட்ட டெல்கோ 1954இல் டைம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. சென்னை எண்ணூரில் 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. உரிமம் பெற்ற சில நிறுவனங்களே தயாரித்த காலத்தில் வண்டிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பது வழக்கம். காத்திருந்து வாங்கியவர் விற்பவரிடம் நிபந்தனை பேசும் நிலையில் இருக்கவில்லை.

பணம் வந்த வழியும் ஒரு முடிச்சு. 1954இல் சென்னையில் டி. எஸ். சந்தானம் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள் தவணைக் கொள்முதல் முறையில் லாரிகளுக்குக் கடன் தந்தன. சிறு முதல் உள்ளவரும் வண்டி வாங்க முடிந்தது இந்த முறையால்தான். ஆனால் கடைசித் தவணை கட்டும் வரை சட்டப்படி வண்டி நிதி நிறுவனத்துக்கே சொந்தம். ஷோரூமிடமிருந்து வாங்கியதும் அந்த நிறுவனமே. லாரியை ஓட்டுபவருக்கும் தயாரித்தவருக்கும் இடையே நேரடி ஒப்பந்தம் இல்லை. வண்டி ஷெட்டில் நின்றாலும் தவணை நிற்காது. தவணைதாரருக்குத் தரம் குறித்த உறுதிகளைத் தந்த தவணைக் கொள்முதல் சட்டம் 1972இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் ஒருநாளும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே 2005இல் நீக்கப்பட்டது. எஞ்சியது உரிமையியல் நீதிமன்றம். கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்டி, ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த ஒற்றை லாரிக்காரரால் முடியவில்லை.

1986: தவணைக்காரரும் நுகர்வோர்

1985 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான நெறிமுறைகளை ஏற்றது. அடுத்த ஆண்டு டிசம்பர் 24 அன்று இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. மாவட்டம், மாநிலம், தேசியம் என்ற மூன்று அடுக்கு நுகர்வோர் மன்ற அமைப்பு உருவானது. தொடக்கத்தில் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பழைய முடிச்சுகள் மூன்றை இந்தச் சட்டம் அவிழ்த்தது. தவணை முறையில் வாங்கியவரும் நுகர்வோரே என்று வரையறையிலேயே சொன்னது. வணிகர் என்ற சொல்லுக்குள் தயாரிப்பாளரையும் சேர்த்ததால், ஷோரூம், தொழிற்சாலை இரண்டின் மீதும் ஒரே புகாரில் பொறுப்பு கோர முடிந்தது. குறையை நீக்குதல், புதுப் பொருள் தருதல், விலையைத் திருப்புதல், இழப்பீடு வழங்குதல் ஆகிய நான்கு வகை உத்தரவுகளையும் பிறப்பிக்க மன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. ஏற்றுக்கொண்ட பொருளைத் திருப்பித் தர முடியாது என்ற பழைய தடை இங்கே வலுவிழந்தது.

ஆனால் அதே வரையறை ஒரு கதவை மூடியது. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ பொருள் வாங்குபவர் நுகர்வோர் அல்லர். வாடகைக்கு லோடு அடிக்கும் லாரி வணிக நோக்கம்தானே என்ற வாதம் எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபமானது. வண்டியில் குறை இருக்கிறதா என்ற விசாரணைக்குப் போகும் முன்பே, புகார்தாரருக்கு அந்த வாசலில் நிற்க உரிமை உண்டா என்பதே வழக்கானது.

யார் ஓட்டுகிறார் என்ற கேள்வி

இந்த நெருக்கடிக்கு நாடாளுமன்றம் 1993இல் விடை கண்டது. சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்ற விளக்கம் வரையறையோடு சேர்க்கப்பட்டது. அதன் எல்லையை வகுத்த வழக்கில் ஒரு தரப்பு கோயம்புத்தூரைச் சேர்ந்தது. அங்குள்ள பி.எஸ்.ஜி. தொழிலியல் நிறுவனம் தயாரித்த இயந்திரத்தை வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற சிறுதொழில் நிறுவனம் புகார் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995இல் தீர்ப்பு வந்தது. இயந்திரம் வணிக நோக்கத்துக்கே வாங்கப்பட்டது என்று சொல்லி நீதிமன்றம் புகாரை ஏற்க மறுத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பில் அது தந்த எடுத்துக்காட்டுகள் லாரி உரிமையாளர்களின் சட்ட நிலையையே மாற்றின. தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர். தானே ஓட்டிச் சரக்கு ஏற்றுவதற்காக லாரி வாங்கியவரும் நுகர்வோர். துணைக்கு ஒருவரையோ இருவரையோ வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. ஆனால் முழுக்க முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காக வண்டி வாங்கியவர் நுகர்வோர் அல்லர். விலையோ வண்டியின் அளவோ மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும் பார்க்க வேண்டும்.

ஓட்டுநர் வைத்தவரின் நிலை அப்போதும் தெளிவாகவில்லை. நெடுந்தூர லாரியை ஒருவரே இரவு பகலாக ஓட்ட முடியாது. உரிமையாளருக்கு வயதாகலாம், உடல்நிலை கெடலாம். உத்தரப் பிரதேசம் சுல்தான்பூரில் அரசு ஏலத்தில் லாரி எடுத்து, ஆவணங்கள் கிடைக்காததால் அதை ஓட்ட முடியாமல் தவித்த ஒருவரின் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைத் தொட்டது. ஓட்டுநரை அமர்த்தினாலும் அந்த லாரியின் வருமானத்தில்தான் உரிமையாளர் பிழைக்கிறார். ஆகவே அது சுயதொழிலே என்றது நீதிமன்றம். 2019இல் வந்த மற்றொரு தீர்ப்பு, வாங்கியதன் முதன்மை நோக்கம் என்ன, அதற்கும் லாபம் ஈட்டும் செயலுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதைப் பார்க்கச் சொன்னது. ஒற்றை வண்டியில் குடும்பம் நடத்துபவருக்கு வாசல் இப்போது பெரும்பாலும் திறந்திருக்கிறது. பல வண்டிகளை நிறுவனமாக நடத்துபவருக்கு அது மூடியே இருக்கிறது. இடையில் இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர் தம் வருமானத்தின் தன்மையைச் சாட்சியத்தால் நிறுவ வேண்டியிருக்கிறது.

பெரிய உரிமையாளர்களுக்கும் ஒரு காலத்தில் குறுக்கு வழி ஒன்று இருந்தது. வணிக நோக்க விலக்கு அப்போது பொருள்களுக்கு மட்டுமே பொருந்தியது, சேவைகளுக்கு அல்ல. வாரண்டி காலத்தில் பழுது பார்ப்பது ஒரு சேவை என்பதால், அதில் குறை வைத்தால் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரும் புகார் கொடுக்கலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் ஏற்றது. 2002இல் நிறைவேறி 2003 மார்ச் 15 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் சேவைகளுக்கும் அந்த விலக்கை விரித்ததால் அந்த வழி குறுகியது.

குறையை நிரூபிக்கும் பாடு

வாசலைக் கடந்தவர் அடுத்ததாக, குறை தயாரிப்பிலேயே இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனைக்கு மாதிரி அனுப்பும் நடைமுறை மருந்துக்கும் உணவுக்கும் எளிது, லாரிக்கு அல்ல. மோட்டார் வாகன ஆய்வாளர், பொறியியல் கல்லூரிப் பேராசிரியர், சர்வேயர் போன்றோரின் அறிக்கையே இங்கு சான்று. அதைவிட வலுவான சாட்சி, சர்வீஸ் நிலையம் எழுதித் தரும் ஜாப் கார்டு. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன குறை சொல்லி வண்டியை விட்டார், எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எத்தனை நாள் நின்றது என்பது அதில்தான் பதிவாகிறது. ஒரே குறை அடுத்தடுத்த கார்டுகளில் வந்தால் அது பராமரிப்புக் கோளாறு அல்ல, பிறவிக் கோளாறு என்று காட்ட முடிகிறது.

எத்தனை முறை பழுது பார்த்த பிறகு புது வண்டி கேட்கலாம் என்பதற்கு இந்தியச் சட்டத்தில் எண் எதுவும் இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982இல் இயற்றிய சட்டம் அந்த எண்ணைத் தந்தது. ஒரே குறைக்கு நான்கு முறை பழுது பார்த்தும் தீராவிட்டாலோ, வண்டி மொத்தம் 30 நாள் நின்றுவிட்டாலோ, தயாரிப்பாளருக்குப் போதிய வாய்ப்பு தரப்பட்டதாகவே கொள்ளப்படும். பிற மாநிலங்களும் இதே வழியில் சென்றன. ஆனால் அந்தச் சட்டங்கள் பெரும்பாலும் சொந்த உபயோக வண்டிகளுக்கானவை. கனரக லாரிகளுக்கு அல்ல. இந்தியாவில் இதை நீதிமன்றங்களே வழக்குதோறும் முடிவு செய்கின்றன. 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி பாகத்தை மாற்றித் தருவதாக மட்டுமே சொல்வதால் முழு வண்டியை மாற்றச் சொல்ல முடியாது என்று கூறி, இழப்பீடு மட்டும் வழங்கியது. பின்னர் வந்த மற்றொரு கார் வழக்கில், சுதந்திரமான நிபுணர் தயாரிப்புக் குறையை உறுதி செய்தால் விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றது. லாரி வழக்குகளும் இந்த இரு எல்லைகளுக்கு நடுவிலேயே அமைகின்றன.

2019க்குப் பின்

2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் லாரிக்காரருக்குத் தந்த பெரிய உதவி இடம் சார்ந்தது. முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும். இப்போது புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 2021 டிசம்பர் விதிகளின்படி கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 1,000 ரூபாய். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு வரம்பு தொடர்கிறது. மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், புகாரை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது நீள்கிறது.

இதே சட்டம் தயாரிப்புப் பொறுப்பு என்ற புதிய அத்தியாயத்தையும் கொண்டுவந்தது. ஆனால் குறையுள்ள பொருளுக்கே ஏற்படும் சேதமும் வணிக இழப்பும் அதில் தீங்காகக் கருதப்படுவதில்லை. பிரேக் பிடிக்காமல் நேர்ந்த விபத்தில் காயமடைந்தவருக்கு அது உதவும். வண்டி நின்றதால் போன வாடகையைக் கேட்பவர் பழைய குறைப் புகார் வழியிலேயே போக வேண்டும்.

இன்னொரு பாதை மோட்டார் வாகனச் சட்டத்தில் திறந்தது. 2012இல் வாகனத் தயாரிப்பாளர் சங்கம் தானாக ஏற்ற திரும்பப் பெறும் நெறிமுறைக்குப் பிறகு, 2019 திருத்தம் 110ஏ பிரிவைச் சேர்த்தது. பாதுகாப்புக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு தரும் குறை ஒரு மாடலில் பரவலாக இருந்தால் அந்த வண்டிகளைத் திரும்பப் பெற மத்திய அரசு உத்தரவிடலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. போதிய விகிதத்தில் உரிமையாளர்களோ, சோதனை நிறுவனமோ, வேறு எவருமோ அந்தக் குறையை அரசுக்குத் தெரிவித்தால்தான் இது இயங்கும். தனி ஒருவரின் வண்டிக்கு இது மாற்று அல்ல.

நுகர்வோர் வரையறைக்கு வெளியே நிற்கும் போக்குவரத்து நிறுவனங்களுக்கு 1930ஆம் ஆண்டுச் சட்டமே இன்றும் அடிப்படை. அவர்களுடைய வழக்குகள் 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2018 முதல் மூன்று லட்சம் ரூபாய் மதிப்புள்ள தகராறும் அதில் அடங்கும். அவசர நிவாரணம் கேட்காதவர் வழக்குக்கு முன் சமரசப் பேச்சுக்குச் செல்ல வேண்டும். ஆக, ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் வந்த, ஒரே குறையுள்ள இரண்டு லாரிகளுக்கு, யாருடைய பிழைப்பு அதில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து இரண்டு வேறு சட்டங்கள் இன்றும் பொருந்துகின்றன. எத்தனை முறை பழுது பார்த்தால் போதும் என்ற எண்ணை வகுப்பதும், இரண்டு மூன்று லாரி வைத்திருப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெளிவாக்குவதும் சட்டம் இன்னும் செய்ய வேண்டிய வேலைகள்.