டேங்கைத் திறந்து பார்

1926 செப்டம்பர் 16, இரவு. செயின்ட் லூயிஸிலிருந்து சிகாகோவுக்குத் தபால் மூட்டைகளோடு கிளம்பிய சார்லஸ் லிண்ட்பெர்க், மூடுபனிக்கு மேலே இறங்க இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தார். டேங்கில் 110 கேலன் பெட்ரோல் என்பது அவர் மனக்கணக்கு. கணக்குத் தீருமுன்பே எஞ்சின் நின்றது. ஒழுகிய பெரிய டேங்கைக் கழற்றிவிட்டு 85 கேலன் டேங்கைப் பொருத்தியிருந்தார்கள். விமானியிடம் யாரும் சொல்லவில்லை.

பாராசூட்டோடு குதித்தார். கூத்து அதன் பிறகுதான். விமானத்தின் மூக்கு கவிழ்ந்ததும், அடியில் தேங்கியிருந்த கொஞ்சநஞ்சப் பெட்ரோல் எஞ்சினுக்குள் வழிந்தது. சுவிட்சை அணைக்காமல் குதித்திருந்ததால் எஞ்சின் மறுபடி உறுமியது. ஆளில்லா விமானம் பாராசூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தபடியே கீழிறங்கியது! அவர் சோளக்கொல்லையில் பத்திரமாக இறங்கினார், தபால் ரயிலேறியது. நவம்பர் 3 அன்று அதே தடத்தில், மோசமான வானிலையில், மீண்டும் பெட்ரோல் வற்றியது, மீண்டும் பாராசூட்.

அடுத்த மே மாதம் அட்லாண்டிக்கைத் தாண்டியபோது அவர் விமானத்தில் பெட்ரோல் அளவுமானியே கிடையாது. எடையைக் குறைக்க விட்டுவிட்டார். கடிகாரத்தைப் பார்த்து டேங்குகளை மாற்றி, மணிக்கொரு கோடாகக் கருவிப் பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டார். சுமார் 450 கேலனோடு கிளம்பி, 33½ மணி நேரம் பறந்து பாரிஸில் இறங்கியபோது மிச்சம் 85 கேலன்.

1930களின் இறுதியில் வந்த பைப்பர் கப் என்ற மஞ்சள் நிறச் சிறு விமானத்தில் அளவுமானி என்பது தக்கையில் செருகிய ஒரு கம்பி. டேங்க் மூடியைத் துளைத்துக்கொண்டு விமானியின் கண்ணெதிரே நிற்கும். பெட்ரோல் குறையக் குறையக் கம்பியும் அமிழும். இதைவிட நேர்மையான அளவுமானி பின்னால் வந்ததாகத் தெரியவில்லை. டேங்குகள் இறக்கைக்குப் போய் மின்சார முள் வந்த பிறகு, விமானம் சாய்ந்தால் முள்ளும் ஆடியது. பறக்குமுன் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்க்கும் வழக்கம் இன்றும் பயிற்சியில் இருப்பது அதனால்தான்.

பேர்பெற்றவர்களையும் காலி டேங்க் விடவில்லை. 1960இல் சோவியத் வானில் யு-2 வேவு விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டும் பிழைத்த பிரான்சிஸ் கேரி பவர்ஸ், 1977 ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தொலைக்காட்சி ஹெலிகாப்டர் ஓட்டும்போது எரிபொருள் தீர்ந்து விழுந்து இறந்தார். உடனிருந்த ஒளிப்பதிவாளரும் மாண்டார்.

பாடகர் ஜான் டென்வரின் கதை வேறு மாதிரி. 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில் அவருடைய லாங்-ஈஸி விமானம் விழுந்தது. பைக்கில் ரிசர்வுக்குத் திருப்பும் குமிழ் போல, டேங்க் மாற்றும் கைப்பிடி அதிலும் உண்டு. ஆனால் விமானத்தைக் கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னே வைத்திருந்தார்! அளவைப் பார்க்கவும் கண்ணாடி பிடிக்க வேண்டும். கிளம்புமுன் பெட்ரோல் போடலாமா என்ற கேள்விக்கு, ஒரு மணி நேரம்தானே என்று மறுத்துவிட்டார். கைப்பிடியைத் திருப்ப முயன்றபோது கட்டுப்பாட்டை இழந்தார் என்றது விசாரணை.

போய்ச் சேருமிடத்துக்கு மேலும் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கும் அளவு எரிபொருள் வேண்டும் என்பது, கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்கு அமெரிக்கச் சட்டம். இருந்தும் 2011 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட சிறு விமானங்கள் எரிபொருள் கோளாறுகளால் விபத்துக்குள்ளாயின என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் எச்சரித்தது. அவற்றை ஓட்டியவர்களில் மாணவர்கள் மிகச் சொற்பம். ஏறக்குறைய பாதிப்பேர் தொழில்முறை உரிமம் பெற்றவர்கள்.